எம்மாவு வழியில் நம் பட்டாளத்தார்

(பங்கின் யூபிலி விழாவையொட்டி, முன்னாள் படைவீரர் நாளன்று மாலை பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி விழாக் குழுவினர் முதன்முதலாகக் கூடிய அன்று, இவ்வாண்டில் சிறப்புச் செய்யப்பட வேண்டியோரின் பட்டியல் ஒன்றை நம்மிடம் கொடுத்தார்கள். இப்பங்கு ஈன்ற குருக்கள், கன்னியர், உபதேசியார்கள், ஆசிரியப் பெருமக்கள், கோவில் கட்ட மண்ணும் கல்லும் சுமந்த குடும்பங்கள் என்று அது நீண்டிருந்தது. வாசித்து முடித்ததும் மண்டபத்தின் கடைசியில் தூணோரம் நின்றிருந்த பெரியவர் ஒருவர், "சாமி, பட்டாளத்துக்குப் போனவங்க யாரும் இந்தப் பங்குல இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். கேட்டவரே பல்லாண்டுகள் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர் என்பது நமக்கு அன்றுதான் தெரிய வந்தது. ஞாயிறுதோறும் நம் கையால் நற்கருணை வாங்குகிறவரை நாம் அறியாமல் இருந்தோம்.

அந்தக் கேள்வியின் பலனே இன்றைய நாள். விக்கிரவாண்டியிலும் கிளைக் கிராமங்களிலும் வீடு வீடாக விசாரித்தோம். இன்று காலைத் திருப்பலியில் முன்வரிசைப் பெஞ்சுகள் இரண்டு அவர்களால் நிறைந்தன. பகல் உணவுக்குப் பின் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும் என்று பள்ளி வகுப்பறை ஒன்றைத் திறந்து விட்டோம். அரை மணி நேரம் போதும் என்பது நம் கணக்கு. மூன்று மணி நேரம் ஆயிற்று. மணி அடித்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. அங்கே பேசப்பட்டவற்றுள் சிலவற்றை, அவரவர் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

பேர் இல்லாமல் போனவர்கள்

நம் ஊருக்குப் பட்டாளம் புதிதன்று. 1752ஆம் ஆண்டில் இதே விக்கிரவாண்டியில் மேஜர் கின்னீர் என்பவரின் தலைமையில் வந்த ஆங்கிலேயப் படை, பிரெஞ்சுப் படையோடு மோதித் தோற்றது. சில வாரங்கள் கழித்துப் பாகூரில் லாரன்ஸ் அதற்குப் பழி தீர்த்தார். நமக்கு வடக்கே வந்தவாசியில் 1760 ஜனவரி 22 அன்று கூட் என்ற ஆங்கிலேயத் தளபதி லாலியின் பிரெஞ்சுப் படையை வென்றார். மேற்கே செஞ்சிக் கோட்டை 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1761இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இவையெல்லாம் சரித்திரப் புத்தகத்தில் இருக்கின்றன.

ஆனால் அந்தச் சண்டைகளில் இரு பக்கமும் நின்ற சிப்பாய்களில் பெரும்பாலோர் நம் நாட்டு ஏழைக் குடியானவர்கள். கூட் பெயர் இருக்கிறது, லாலி பெயர் இருக்கிறது. நம் வயல்களில் விழுந்த சிப்பாய் ஒருவனுடைய பெயராவது நமக்குத் தெரியுமா? அவனும் ஒரு தாய்க்குப் பிள்ளைதான். அவன் கதையைக் கேட்பாரில்லை, எழுதுவாரில்லை, மண்ணோடு போயிற்று.

அத்தகைய சிப்பாய்ப் படைகளிலிருந்து வளர்ந்ததே மதராஸ் ரெஜிமெண்ட். 1758இல் தோன்றியதாகக் கணக்கிடப்படும் அது, இந்தியத் தரைப்படையின் மிகப் பழமையான காலாட்படைப் பிரிவு. இன்று நீலகிரியில் வெலிங்டனைத் தாயகமாகக் கொண்டிருக்கிறது. 1780இல் பிறந்த மதராஸ் சாப்பர்கள் என்னும் பொறியியல் படை பெங்களூரில் இருக்கிறது. நம் பங்கிலிருந்து போனவர்களில் பலர் இவ்விரண்டில் ஒன்றில் சேர்ந்தவர்கள். மற்றவர்கள் பீரங்கிப் படை, வாகனப் பிரிவு, மருத்துவப் பிரிவு என்று போனவர்கள். இராணுவ மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற சகோதரி ஒருவரும் இன்று வந்திருக்கிறார்.

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் இருந்தவர்கள் ஏறத்தாழ இருபத்தைந்து இலட்சம் பேர். நம் பங்கின் இறந்தோர் பதிவேட்டைப் புரட்டியபோது, நமக்கு முன்னிருந்த குரு ஒருவர் ஒரு பெயருக்குப் பக்கத்தில் 'பட்டாளத்தில் இருந்தவர்' என்று சிறு எழுத்தில் குறித்திருப்பதைக் கண்டோம். எந்த நாட்டில் போரிட்டார், பர்மாவிலா, ஆப்பிரிக்காவிலா, இத்தாலியிலா? அவருடைய பேரப்பிள்ளைகளைத் தேடிக் கேட்டோம். "தாத்தா ஒண்ணும் சொன்னதில்ல சாமி" என்றார்கள். ஒரு மனிதரின் வாழ்வில் ஐந்தாறு ஆண்டுகள் இரண்டே சொற்களில் முடிந்து போயின.

நம் தவறு ஒன்று

இந்த இடத்தில் நம்மைப் பற்றிய ஒரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில், வேறொரு பங்கில் உதவிக் குருவாக இருந்தோம். அங்கே முதியவர் ஒருவர், 1962இல் வடகிழக்கு எல்லையில் இருந்தவர். அவ்வாண்டு அக்டோபர் 20 அன்று தொடங்கிய போர் ஒரு மாதத்தில் முடிந்தது. பனிமலைக்கு வேண்டிய உடுப்பும் காலணியும் இல்லாமல் நம் வீரர்கள் பட்ட துயரத்தை நாடறியும். வீடு சந்திக்கப் போனபோது அவர், "சாமி, அந்தப் பனியில எங்க செக்ஷன்ல..." என்று தொடங்கினார். நமக்கு இன்னும் பத்து வீடு பாக்கி. நாம் சொன்னோம்: "அதெல்லாம் முடிந்த கதை, தாத்தா. செபமாலை சொல்லுங்கள், மறந்துவிடும்." பெரியவர், "சரிங்க சாமி" என்றார். அதற்குப் பிறகு நம்மிடம் அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அவர் இறந்த பின் அவர் மனைவி கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை நம்மிடம் கொடுத்தார். அதற்குள் மடித்த காகிதம் ஒன்று. அதில் எட்டுப் பெயர்கள், அவர் கையெழுத்தில். சில இந்துப் பெயர்கள், ஒன்று முகமதியப் பெயர், இரண்டு கிறிஸ்தவப் பெயர்கள். "ராத்திரி செபம் முடிஞ்சதும் இதை எடுத்து வச்சுப் படிப்பார் சாமி. என்னான்னு கேட்டா சொல்லமாட்டார்" என்றார் அந்த அம்மாள்.

அன்று நமக்குப் புரிந்தது. தம்மோடு இருந்து திரும்பி வராத தோழர்களுக்காக ஒரு பூசை கேட்க வந்தவரைத்தான் நாம் மறக்கச் சொல்லி அனுப்பினோம். குருமடத்தில் எத்தனையோ ஆண்டுகள் மறையியல் படித்தோம். ஒரு கிழவரின் பேச்சை முடியும்வரை கேட்கப் படிக்கவில்லை. அந்த எட்டுப் பேரை ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2ஆம் நாள் பூசையில் நினைக்கிறோம். ஆனால் அதைக் கேட்டிருக்க வேண்டியவர் இல்லை.

வழியில் பேசிய இருவர்

லூக்கா நற்செய்தியின் கடைசி அதிகாரம் உங்களுக்குத் தெரிந்ததே. சீடர் இருவர் எருசலேமை விட்டு எம்மாவு என்னும் ஊருக்கு நடக்கிறார்கள். ஏறக்குறைய பதினொரு கிலோமீட்டர். விக்கிரவாண்டியிலிருந்து விழுப்புரம் போவது போன்ற தூரம். தங்கள் தலைவர் கொல்லப்பட்டதைக் கண்ணால் கண்டு, தோற்றுப்போய்த் திரும்புகிறவர்கள் அவர்கள். நடந்ததையெல்லாம் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டு போகிறார்கள்.

அப்போது உயிர்த்த ஆண்டவர் அவர்களோடு சேர்ந்துகொள்கிறார். வந்தவுடன் உபதேசம் தொடங்கினாரா? இல்லை. வழி நெடுகப் பேசிக்கொள்வது என்ன என்று கேட்டார். எருசலேமில் நடந்தது அவருக்குத் தெரியாதா? அறைந்த ஆணியின் தழும்பு அவர் கையிலேயே இருக்கிறது. எல்லாம் தெரிந்தவர், ஒன்றும் தெரியாதவர்போல் கேட்டார். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தார். அதன் பிறகே வேதாகமங்களை விளக்கினார். அப்பம் பிட்கையில் அவர்கள் கண் திறந்தது. பேசவிட்டது முதலில், போதித்தது பிறகு. நாம் அன்று இதைத் தலைகீழாகச் செய்தோம்.

இன்று பிற்பகல் அந்த வகுப்பறையில் நாம் பின்பெஞ்சில் அமர்ந்து, எம்மாவு வழியை நேரில் பார்த்தோம்.

யூனிட் எது, வருஷம் எது

முதலில் எல்லாரும் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். சுபேதாராக இருந்தவர் முன்னால், சிப்பாயாக இருந்தவர் பின்னால். ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்: "எந்த யூனிட்? எந்த வருஷம்? எங்கே இருந்தீங்க?" இந்த மூன்று கேள்விகள்தாம் அவர்களுடைய சாவி என்று கண்டோம். பதில் வந்ததும் பூட்டுத் திறந்தது. அடுத்தடுத்த கிராமத்தில் இருபது ஆண்டுகளாகக் குடியிருந்து, நம் டோல்கேட்டு அருகே ஒரே டீக்கடையில் டீ குடிக்கிற இருவர், ஒரே காலத்தில் லே நகரில் ஒரு மைல் இடைவெளியில் இருந்தவர்கள் என்று இன்றுதான் அறிந்துகொண்டார்கள்.

பிறகு சிரிப்பு. சோறு தின்று வளர்ந்த பிள்ளை லங்கரில் முதல் நாள் சப்பாத்தியைக் கண்டு அழுத கதை. இந்தி தெரியாமல் வலது பக்கம் திரும்பச் சொன்னால் இடது பக்கம் திரும்பி, டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றிய கதை. சியாச்சின் பனியில் காலில் இரண்டு விரல் நுனியை விட்டு வந்தவர், செருப்பைக் கழற்றிக் காட்டி, "செருப்பு வாங்கறப்ப இன்னமும் பழைய அளவுதான் கேக்கறேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்த பின் அந்தச் சகோதரி நம்மிடம், "அது எப்படிப் போச்சுன்னு இன்னைக்குத்தான் முழுசாக் கேட்டேன் சாமி. வீட்ல கேட்டா எரிஞ்சு விழுவார்" என்றார்.

ஏன் வீட்டில் சொல்லாததை இங்கே சொல்ல வந்தது? மனைவியிடம் பாசமில்லாமல் அன்று. கேட்கிறவள் பயந்து போவாளே என்ற தயக்கம். சொன்னாலும் புரியாதே என்ற எண்ணம். அங்கே இருந்தவனுக்கு விளக்கம் வேண்டியதில்லை. பாதி சொன்னால் மீதியை அவனே முடிப்பான். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களும் இப்படித்தான் செய்தார்கள். 1970 வாக்கில் நியூயார்க் நகரில் அவர்கள் தாங்களாகவே வட்டமாக அமர்ந்து பேசத் தொடங்கினார்கள். மனநல மருத்துவர் சிலர் அவர்களோடு உட்கார்ந்து கேட்டார்கள். போரின் நினைவு தூக்கத்தைக் கெடுத்து மனிதனைத் தின்னக்கூடும் என்பதை 1980இல் அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கம் ஒரு நோயாகவே தன் கையேட்டில் சேர்த்தது. ஆகவே இது கோழைத்தனமன்று, காயம். காலில் பட்ட காயத்துக்குக் கட்டுப் போடுகிறோம், மனத்தில் பட்டதற்கு மட்டும் வெட்கப்படுகிறோம்.

இரண்டு சாட்சியங்கள்

சிரிப்பு அடங்கிய பின் ஒருவர் எழுந்தார். வங்காளத்தில் 1971 டிசம்பரில் போரிட்டவர், எண்பதை நெருங்குகிறவர். டாக்காவில் எதிரிப்படை சரணடைந்த டிசம்பர் 16க்குச் சில நாள் முன்பு, வயல் வரப்பில் கிடந்த எதிரிச் சிப்பாய் ஒருவனைப் புதைக்கும் வேலை அவருக்கும் இன்னொருவருக்கும் வந்ததாம். பெயர் தெரியவில்லை. மீசை முளைக்காத முகம். மூடுவதற்கு முன் சும்மா விட மனம் வராமல், தமக்குத் தெரிந்த செபங்களான பரலோக மந்திரத்தையும் அருள் நிறைந்த மந்திரத்தையும் தமிழில் சொல்லி மண்ணைத் தள்ளினார். "அவன் வேற மதத்துக்காரன் சாமி. நான் செஞ்சது சரியா தப்பா? ஐம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. எந்தச் சாமியார்கிட்டயும் கேட்க வாய் வரல" என்றார்.

நாம் பதில் சொல்லுமுன் பின்வரிசையிலிருந்து ஒருவர், "அண்ணே, நாங்க அதுகூடச் செய்யல" என்றார். அதைவிடப் பெரிய பதில் நம்மிடம் இல்லை. ஆயினும் குரு என்ற முறையில் ஒன்று சொன்னோம்: தாய் ஒருத்தி தொலைவில் அழுதுகொண்டிருக்க, அவள் பிள்ளைக்காக அன்னிய மொழியில் ஒருவன் சொன்ன செபத்தைப் பரலோகத் தந்தை மதம் கேட்டுத் திருப்பி அனுப்பமாட்டார். பெரியவர் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்தவர் பேச வெகுநேரம் எடுத்துக்கொண்டார். 1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்குப் பின் அமைதிப்படையில் இலங்கைக்குப் போனவர். அந்தப் படை 1990 மார்ச்சில் திரும்பும்வரை நம் வீரர்கள் ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டார்கள். ஈழத்துத் தமிழ்க் குடிமக்கள் பட்ட துயரமும் மாண்ட உயிர்களும் நமக்குத் தெரியும். திரும்பிய படையைச் சென்னையில் வரவேற்கும் நிகழ்ச்சிக்கு அன்றைய முதலமைச்சர் செல்லவில்லை. அதன் நியாய அநியாயங்களைப் பேச இது இடமன்று. ஆனால் அந்தப் படையிலிருந்த தமிழ்ச் சிப்பாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். போன இடத்தில் அவனைப் பகையாகப் பார்த்தார்கள்; வந்த இடத்தில் அவன் எங்கே இருந்தான் என்பதைச் சொல்லவே கூசினான்.

அவருக்குத் தமிழ் தெரியும் என்பதால் வீடுகளைச் சோதிக்கும்போது அவரை முன்னால் நிறுத்துவார்களாம். ஒரு வீட்டில் மூதாட்டி ஒருவர் மட்டும். கதவைத் திறந்து, அவர் பேச்சைக் கேட்டதும், "தம்பி, உமக்கு எந்த ஊர்?" என்றாராம். நம் சகோதரர் பதில் சொல்லவில்லை. "எங்க அம்மா வயசு சாமி. விக்கிரவாண்டின்னு சொல்லியிருந்தா, அந்த வீட்டுச் சட்டி பானையை உருட்ட எனக்குக் கை வந்திருக்காது. அதான் சொல்லல. அந்த அம்மா கேட்டது இன்னமும் காதுல கேக்குது" என்றார்.

அறை அமைதியாக இருந்தது. கீழ்ப்புத்துப்பட்டில், நம் மாவட்டத்திலேயே, இலங்கையிலிருந்து வந்த அகதிகளின் முகாம் இருக்கிறது. கிறிஸ்மஸ் சமயத்தில் நம் வின்சென்ட் தெ பவுல் சபையார் அங்கே போக எண்ணியிருப்பதை அவர் அறிவார். "நானும் வரலாமா சாமி? போனா என்னை யாருன்னு சொல்லிக்கறது?" என்று கேட்டார். இதற்கு நம்மிடம் ஆயத்தமான பதில் இல்லை. பரலோக மந்திரம் சொன்ன அந்தப் பெரியவர்தான் எழுந்து, "நீ வா தம்பி, நான் கூட வரேன்" என்றார். அவர்கள் இருவரும் வெவ்வேறு தெரு, வெவ்வேறு சாதி. இதற்குமுன் ஒருவர் வீட்டில் மற்றவர் தண்ணீர் குடித்ததில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரே லங்கரில் உண்டு, ஒரே பங்கரில் படுத்தவர்கள், ஊர் திரும்பியதும் தெருவுக்குத் தெரு பிரிந்து போவது கிறிஸ்தவப் பங்குக்கு அழகா? பட்டாளத்தில் கற்ற நல்ல பாடத்தை விழுப்புரம் ஜங்ஷனிலேயே இறக்கி வைத்துவிட்டு வரவேண்டுமா?

தோற்றவர் சொன்ன சொல்

சிப்பாய் ஒருவன் தன் தோழனிடம் மனம் விட்டுப் பேசியதால் திருச்சபைக்கு ஒரு புனிதரே கிடைத்தார் என்றால் நம்புவீர்களா? 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் டச்சுப்படை தோற்றது. பிடிபட்டவர்களில் டிலனாய் என்ற அதிகாரி ஒருவர், கத்தோலிக்கர். பின்னர் மன்னருடைய படையைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை அவரோடு பழகினார். பிள்ளையின் குடும்பத்தில் அடுக்கடுக்காக நட்டம் வந்து மனமுடைந்திருந்தபோது, டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. தோற்று, கைதாகி, நாடிழந்து நின்ற ஒருவர் சொன்னதால்தான் அந்தக் கதை பிள்ளையின் நெஞ்சில் தைத்தது என்று நாம் எண்ணுகிறோம். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுடப்பட்டார். நம் விக்கிரவாண்டிச் சண்டை நடந்த அதே ஆண்டு! 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

புனித இஞ்ஞாசியாரும் பட்டாளத்துக்காரரே. 1521இல் பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. தம் கதையைச் சொல்ல அவரும் வெகுகாலம் தயங்கினார். உடனிருந்த சகோதரர்கள் விடாமல் கேட்டபின், வாழ்வின் இறுதிக்காலத்தில், 1553 முதல் 1555 வரை விட்டு விட்டுச் சொன்னார். அப்போதும் 'நான்' என்னாமல் தம்மைத் திருப்பயணி என்றே குறிப்பிட்டார். கேட்டவர்கள் இருந்ததால் சொல்ல வந்தது. அனைத்துலக யூபிலியாகிய 2025ஆம் ஆண்டிலும் பிப்ரவரி 8, 9 ஆகிய இரு நாட்கள் படைவீரருக்கும் காவலருக்கும் உரிய யூபிலியாக உரோமையில் கொண்டாடப்பட்டன.

காகிதமும் வேண்டும்

பேச்சு மனத்துக்கு மட்டும் மருந்தன்று. வயிற்றுக்கும் சோறு போடும். நம் கிளைக் கிராமம் ஒன்றில் ஒரு விதவை. கணவர் இறந்து குடும்ப பென்ஷன் வராமல் பல ஆண்டுகள் அலைந்தார். காரணம் என்ன? பட்டாளத்துப் பதிவில் அவர் பெயர் ஞானஸ்நானப் பெயர். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் வீட்டுப் பெயர். கணவருடைய படை எண்ணோ, அவர் எந்த யூனிட் என்பதோ அந்தச் சகோதரிக்குத் தெரியாது. 'மிலிட்டரி' என்று மட்டுமே தெரியும். கடைசியில், கணவரோடு ஒருகாலத்தில் ஒரே ரயிலில் லீவுக்கு வந்து போன பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், பேச்சோடு பேச்சாக அவருடைய பட்டாலியனைச் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்கு எழுதினோம். நம் பங்கின் திருமணப் பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த சான்றும் உதவிற்று. பென்ஷன் வந்தது.

ஆகவே வீரர்களே, உங்கள் படை எண், யூனிட், சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள், பென்ஷன் ஆணையின் எண் இவற்றை மனைவிக்கும் மூத்த பிள்ளைக்கும் இன்றே எழுதிக் கொடுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவி, பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். பிழையிருந்தால் நீங்கள் உயிரோடிருக்கும்போதே விழுப்புரத்திலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாகத் திருத்திக்கொள்ளுங்கள். பங்குப் பதிவேட்டிலிருந்து எந்தச் சான்று வேண்டுமானாலும் தயங்காமல் வந்து கேளுங்கள்.

நம் வேண்டுகோள்

இன்று தொடங்கியது இன்றோடு நிற்கலாகாது. மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு, காலைத் திருப்பலிக்குப் பின், அதே வகுப்பறை உங்களுக்காகத் திறந்திருக்கும். பிற மதத்துச் சகோதர வீரர்களும் தாராளமாக வரலாம். சில ஒழுங்குகளை மட்டும் நினைவூட்டுகிறோம். பதவியையும் சாதியையும் செருப்போடு வெளியே விட்டு வாருங்கள். மது வேண்டாம், அது வாயைத் திறந்து மனத்தை மூடிவிடும். பேச விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள். மௌனமாக உட்கார்ந்திருப்பதும் பங்கெடுப்பதே. ஒருவர் சொன்னதைத் தெருவுக்குக் கொண்டு போகாதீர்கள். இது பாவசங்கீர்த்தனத்துக்கு மாற்றன்று. அதற்குரிய அருட்சாதனம் கோவிலில் இருக்கிறது. தூக்கமின்றி வாடுகிறவர்களுக்கு மருத்துவருக்கும் மாற்றன்று; அத்தகையோரை முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்கு நாமே அழைத்துப் போகிறோம்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல். "அந்தக் கதையை ஆயிரம் தடவை கேட்டாச்சு" என்று சொல்லாதீர்கள். ஆயிரத்து ஓராவது தடவையில்தான் அவர் உண்மையைச் சொல்ல இருந்திருக்கலாம். இளைஞரே, தாத்தாவிடம் எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்காதீர்கள். உங்களோடு யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். அந்தப் பெயர்களை எழுதி வாருங்கள். கோவிலில் ஒரு தனி ஏடு வைத்திருக்கிறோம். அதன் முதல் பக்கத்தில் அந்த பிஸ்கட் டப்பாவின் எட்டுப் பெயர்களை நம் கையாலேயே எழுதியிருக்கிறோம். இனி ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2ஆம் நாள் அவ்வேடு பீடத்தில் வைக்கப்படும்.

பிரியமுள்ளவர்களே, ஒவ்வொரு திருப்பலியிலும் நற்கருணை வாங்குமுன் நம் தகுதியின்மையை அறிக்கையிட்டு ஒரு செபம் சொல்கிறோமல்லவா? அது முதலில் யார் வாயிலிருந்து வந்தது? திருத்தூதர் வாயிலிருந்தன்று, கப்பர்நாகூமில் இருந்த ஒரு படை அதிகாரியின் வாயிலிருந்து. நோயுற்ற தன் ஊழியனுக்காக வந்து, தன் மனத்தில் இருந்ததை ஆண்டவரிடம் அப்படியே சொன்னான். ஆண்டவர் கேட்டார், வியந்தார். திருச்சபை இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்தப் பட்டாளத்துக்காரனுடைய சொல்லைக் காத்து வருகிறது. நாமும் நம் பட்டாளத்தாரின் சொல்லைக் கேட்டுக் காப்போமாக.

எம்மாவு வழியில் அந்த இருவரோடு நடந்த ஆண்டவர், பேசுகிற உங்களோடும் கேட்கிற எங்களோடும் நடப்பாராக. பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் ஆசீர் உங்கள் அனைவர்மீதும், திரும்பி வராத உங்கள் தோழர்களின் குடும்பங்கள்மீதும் தங்குவதாக. ஆமென்.